நிழலில் தொங்கும் வெப்பமானி: கொங்கு நாட்டின் வெயிலும் நீரும்

 

நாம் யாருடைய நினைவுக்காக இங்கே கூடியிருக்கிறோமோ, அவருடைய தகப்பனார் பறி தைத்தவர். கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் பண்ணயக்காரர் தோட்டத்துக் கிணற்றுக்குத் தோல் பறி தைத்துக் கொடுப்பது அந்தக் குடும்பத்தின் மீது விழுந்த வேலை. அவர் தைத்த பறி நாள் முழுக்க அந்தக் கிணற்றுக்குள் இறங்கி ஏறியது. ஆனால் அவருக்குத் தாகம் எடுத்தால், வேறொருவர் வந்து கையில் ஊற்றும்வரை கிணற்றடியில் நிற்க வேண்டியிருந்தது. இதை நம் தோழர் சொல்லாத கூட்டம் இல்லை. கோபமாகச் சொல்லமாட்டார், கணக்குக் கேட்பவரைப்போலச் சொல்வார். இன்றைய உரை அந்தக் கணக்கின் தொடர்ச்சி. இப்போது கேட்க வேண்டிய கணக்கு வெயிலைப் பற்றியது.

கோயமுத்தூர் என்றால் இதமான ஊர் என்று ஒரு பேர் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று, சாரல், சிறுவாணித் தண்ணீர். இந்த மூன்றையும் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. பெருமை பொய் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கும் அதிகமாகத் திறந்துகிடக்கும் அந்த இடைவெளி இல்லையென்றால் நம் வெயில் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் அதே மலைதான் தென்மேற்குப் பருவமழையை அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிட்டு நம்மை மழை மறைவில் நிறுத்தியிருக்கிறது. கோவைச் சமவெளிக்கு ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழை கிடைத்தால் நல்ல ஆண்டு. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வருவது. இந்த நாட்டின் எல்லா வரலாறும் இந்தச் சிறிய எண்ணுக்குள்தான் நடந்திருக்கிறது.

கோவை வேளாண்மைக் கல்லூரி 1900-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையிலிருந்து இங்கே வந்தது. நூறாண்டுக்கு மேலாக இந்த ஊரில் மழையையும் வெப்பத்தையும் அளந்து எழுதி வருகிறார்கள். நல்ல வேலை. நாமும் அந்த எண்களைத்தான் பயன்படுத்தப் போகிறோம். ஆனால் அளக்கும் கருவி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். வெள்ளை வண்ணம் அடித்து, நாலு பக்கமும் சாய்ந்த பலகை அடுக்கிய ஒரு மரப்பெட்டி. தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரம். அதற்குள் வெப்பமானி. ஸ்டீவன்சன் பெட்டி என்று பேர். கண்டுபிடித்தவர் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தகப்பனார். வெயில் நேராக விழக்கூடாது, காற்று உள்ளே போய்வர வேண்டும், அப்போதுதான் ஓரிடத்தின் காற்று வெப்பத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிட முடியும். அறிவியலாக இது சரி. உலகம் முழுக்க இப்படித்தான் அளக்கிறார்கள்.

ஆனால் இதற்கு ஒரு பொருள் உண்டு. செய்தியில் இன்று 39 டிகிரி என்று சொன்னால், அது நிழலில் 39. வாய்க்கால் தூர் வாருகிறவரும், செங்கல் சூளையில் கல் சுமக்கிறவரும், தார் ரோட்டில் குப்பை வண்டி தள்ளுகிறவரும் நிற்பது அந்த 39-இல் அல்ல. அரசாங்கத்தின் வெப்பமானிக்கு நிழல் உண்டு. அவர்களுக்கு இல்லை. கொங்கு நாட்டில் யாருக்கு நிழலும் நீரும் வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்பது இயற்கை செய்த ஏற்பாடு இல்லை. அது நூற்றாண்டுகளாக நடந்த ஏற்பாடு. அதைச் சொல்லாமல் ‘வட்டார வெப்பநிலைப் போக்கு’ என்று பேசினால் பாதியைத்தான் பேசுகிறோம்.

முதலில் எண்களைச் சொல்லிவிடுவோம். இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கிறது. 1901-இலிருந்து அளந்ததில் 2024-தான் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு. உலகத்துக்கும் அதுவே. அந்த ஆண்டுச் சித்திரையில் ஈரோடும் கரூர் பரமத்தியும் நாள் கணக்கில் 40 டிகிரிக்கு மேல் நின்றதை நாம் எல்லோரும் உடம்பால் அறிவோம். ஏப்ரல் மாதத்தில் ஈரோட்டின் பேர் நாட்டின் வெப்பமான ஊர்களின் பட்டியலில் வந்தது. நம் பாட்டிமார் அக்னி நட்சத்திரத்துக்குத்தான் பயந்தார்கள். இப்போது அது வருவதற்குள்ளேயே பாதி வெயில் அடித்து முடிந்திருக்கிறது.

0.7 என்பது சின்ன எண்ணாகத் தெரியலாம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும் என்று பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்கள். அந்த நீராவி எங்கிருந்து வரும்? குளத்திலிருந்து, மண்ணிலிருந்து, இலையிலிருந்து, நம் தோலிலிருந்து. மழை இல்லாத நாட்களில் நிலம் முன்னைவிட வேகமாகக் காய்கிறது. மழை வரும் நாளில் காற்றில் சேர்ந்திருப்பதெல்லாம் ஒன்றாகக் கொட்டுகிறது. 600 மில்லிமீட்டரில் வாழும் ஊருக்கு இரண்டுமே கேடு. ஆண்டின் மொத்தம் மாறாமலே இருந்தாலும், பெய்வதும் நிற்பதும் மாறிவிட்டால் கிணறு மாறிவிடும்.

இனி கிணற்றுக்கு வருவோம், ஏனென்றால் கொங்கு வரலாறு கிணற்று வரலாறு. தஞ்சாவூர்க்காரருக்கு ஆறு, ராமநாதபுரத்துக்காரருக்குக் கண்மாய், நமக்குக் கிணறு. பவானியின் காளிங்கராயன் வாய்க்கால், நொய்யலின் அணைக்கட்டுகளும் குளங்களும் உண்டுதான். ஆனால் அவை ஆற்றோரத்து வயலுக்கு. மற்றபடி நிலத்தை இங்கே இரண்டாகத்தான் சொல்வார்கள்: கிணறு இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் காடு. 1887-இல் எஃப். ஏ. நிக்கல்சன் எழுதிய கோவை மாவட்டக் கையேட்டைப் புரட்டுகிற எவரும் அதில் கிணறுகளுக்குக் கிடைத்திருக்கும் இடத்தைக் கண்டு வியப்பார்கள். அந்த வெள்ளைக்கார அதிகாரிக்குப் புரிந்தது சரிதான்: பாறைக்குள் வெட்டிய கிணறும், அதை வெட்டிய உழைப்பும், இறைத்த மாடும்தான் இந்த மாவட்டத்தின் செல்வம்.

வெட்டிய உழைப்பு யாருடையது? ஒட்டர்களும் நம் ஆட்களும். இறைக்கும் கருவியில் இரும்பு, மரம், கயிறு எல்லாம் வந்தாலும் தண்ணீரைப் பிடித்து மேலே கொண்டுவருவது தோல். செத்த மாட்டை எடுத்து, உரித்து, பதப்படுத்தி, வெட்டி, தைத்து, எண்ணெய் ஊட்டி, கிழிந்தால் மறுபடி தைத்து, அதற்குக் கூலியாகத் தானியம் வாங்கிய அருந்ததியர் வீடுகள் இல்லாமல் கொங்கு நாட்டில் ஒரு தோட்டத்துக்கும் தண்ணீர் பாய்ந்ததில்லை. மாடுகளை வாரியில் முன்னும் பின்னும் ஓட்டியதும், வாய்க்காலில் மடை மாற்றியதும் பல இடங்களில் பண்ணயத்து ஆளின் வேலை. தீட்டு என்று சொல்லப்பட்ட கை தைத்த தோல் கிணற்றுக்குள் போகலாம், அந்தக் கை போகக்கூடாது. தீட்டு என்பது தூய்மை பற்றியது அல்ல, யாருக்கு உரிமை என்பது பற்றியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். இப்போது சூழலியல் பேசும் நண்பர்கள் பலர் கவலை ஏற்றத்தைப் பற்றி உருகி எழுதுகிறார்கள். மாட்டால் இறைத்த காலத்தில் நிலத்தடி நீர் வற்றவில்லை, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்கிறார்கள். முதல் பாதி உண்மை. மாடும் தோலும் இழுக்கும் ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு நாளில் இறைக்கும் அளவுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லை நீரைக் காத்தது. ஆனால் அந்த எல்லையை யார் முதுகில் போட்டுக் காத்தார்கள்? பறி ஒழிந்ததற்காக நம்மில் ஒருவரும் அழவில்லை. நம் தோழரின் தகப்பனார், மோட்டார் வந்த அன்றைக்குப் பண்ணயக்காரரைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர். நீரைக் காப்பதற்கு நமக்குப் பழைய வழி வேண்டாம், வேறு வழி வேண்டும். அந்தப் பேச்சில் நமக்கு இடம் கொடுத்துவிட்டு எழுதட்டும்.

மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த ஏற்பாடு எப்படி உடைந்தது என்பதற்குப் பெரிய பஞ்சமே பாடம். 1876 முதல் 1878 வரை. பசிபிக் கடலின் எல் நினோவுக்கும் அந்தப் பஞ்சத்துக்கும் உள்ள தொடர்பை இன்று வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மைக் டேவிஸின் நூல் அதில் பேர்பெற்றது. 1871 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தில் ஏறத்தாழ 17.6 லட்சம் பேர். 1881-இல் ஏறத்தாழ 16.6 லட்சம். கூடியிருக்க வேண்டிய பத்தாண்டில் ஒரு லட்சம் குறைந்தது. தானியக் கூலிக்கு வேலை செய்கிறவருக்குப் பஞ்சம் இரண்டு முறை வருகிறது. விளைச்சல் போனால் பண்ணயக்காரருக்கு வருமானம் போகும். ஆளுக்கு வேலை, கூலி, சோறு மூன்றும் ஒரே நாளில் போகும்.

நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று குறைத்தார். ஏறத்தாழ அரைக் கிலோ தானியத்தில் மண் வெட்டிச் சுமக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அது உழைக்கும் உடம்புக்குப் போதாது என்று எதிர்த்து எழுதினார். வெயிலில் உழைக்கும் உடம்புக்கு எவ்வளவு வேண்டும் என்பது அன்றைக்கே அரசாங்கக் காகிதத்தில் சண்டையாக இருந்திருக்கிறது. இன்று நூறு நாள் வேலையில் குளம் வெட்டப் போகும் நம் அம்மாக்கள் நிழற்கூரையும் குடிநீரும் கேட்கும்போது, அந்தப் பழைய சண்டையைத்தான் தொடர்கிறார்கள்.

பஞ்சத்துக்குப் பின் வந்த நூற்றாண்டு நகரத்தின் நூற்றாண்டு. 1888-இல் முதல் நூற்பாலை. பிறகு கம்போடியா பருத்தி. அதற்குக் கிணற்றுப் பாசனம் வேண்டும். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரி பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியது. மில்கள் பெருகின. கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. 1920-கள் முடிந்து 1930-கள் பிறக்கும் நேரத்தில் சிறுவாணித் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. மலைத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும் என்று எஸ். பி. நரசிம்மலு நாயுடு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பேசியிருந்தார். அவருக்கு உரிய பெருமையை ஊர் கொடுக்கிறது.

ஆனால் அதே காலத்தில் தண்ணீர் பற்றி இன்னொரு குரலும் இருந்தது. ஊர் அதை மறந்துவிட்டது. 1924-இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் நமக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். அதே அவையில் கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் இதே கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுப்பினார். அண்ணல் அம்பேத்கர் மகாட் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20-இல். அதற்கு முன்பே கோவைக்காரர் ஒருவர் கிணற்றுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். சிறுவாணி வரலாறு எழுதுகிறவர்கள் வீரையனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன? மாணவர்கள் யாராவது அந்தச் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளை உட்கார்ந்து படித்துத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.

சட்டம் வந்தும் கிணறு திறக்கவில்லை. திறப்பதற்குள் கிணறே மாறிவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு பம்புசெட் ஊர் ஊராகப் போனது. பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தது. பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம் வந்தது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் விவசாயிகள் கிளர்ந்தார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1972-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவைக்குள் வந்து நகரத்தை நிறுத்தின. 1990-ஐ ஒட்டி விவசாய பம்புசெட்டுகளுக்கெல்லாம் மின்சாரம் இலவசமானது. கடன்பட்டுச் செத்த சிறு விவசாயிகளின் துயரத்தை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆனால் இலவச மின்சாரம் கிணறு வைத்திருந்தவருக்குக் கிடைத்த இலவசம். கிணறே இல்லாதவருக்கு அதில் ஒரு யூனிட்டும் இல்லை. தண்ணீர் மட்டம் இறங்கியது மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இறங்கியது.

நம் மண்ணுக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் மேலே சிதைந்த அடுக்கிலும், கீழே பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நிற்கும். மேல் அடுக்கு மழையில் நிரம்பும், வெயிலில் காயும். அது ஆண்டுக் கணக்கு. ஆழத்து வெடிப்பில் இருப்பது பல தலைமுறைச் சேமிப்பு. திறந்த கிணறு வற்றியதும் பக்கவாட்டில் துளைத்தார்கள். பிறகு போர் வண்டி வந்தது. 1000 அடிக்கும் கீழே போனது. கோவை மாவட்டத்தின் பல பகுதிகள் அளவுக்கு மேல் உறிஞ்சப்பட்டவை என்று மத்திய நிலத்தடி நீர் வாரியமே வகைப்படுத்தியிருக்கிறது. வெப்பம் கூடினால் பயிர் அதிகம் குடிக்கும். மோட்டார் அதிக நேரம் ஓடும். மேல் அடுக்கு இன்னும் சீக்கிரம் காயும். அப்போது பணம் இருப்பவர் இன்னொரு 200 அடி போவார். வளவுக் கைப்பம்பு அந்தப் பந்தயத்தில் ஓட முடியாது. குழாயில் காற்று வரும், பிறகு அதுவும் வராது. பிறகு லாரிக்குக் குடத்தை வரிசையில் வைக்க வேண்டும். ஒரு நாள் கூலியைவிட ஒரு குடம் பெரிது என்று ஆகிவிட்ட வீடுகளில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10-இல் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. சிறுவாணி அணை அடிமட்ட இருப்புக்கும் கீழே போய், அந்தக் கலங்கல் தண்ணீரையும் எடுத்துத்தான் கோவை குடித்தது. பெருமைக்குரிய அந்தத் தண்ணீர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது.

நூலின் மறுமுனை மலையில் இருக்கிறது. சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்து மழையைப் பிடித்துவைத்துக் கோடையில் மெல்ல விடுவதால்தான் பவானியும் சிறுவாணியும் ஆழியாறும் மாசி, பங்குனியிலும் ஓடுகின்றன. வெள்ளைக்காரன் காலம் தொட்டு அந்தப் புல்வெளியைத் தரிசு என்று சொல்லி யூகலிப்டஸும் சீகையும் நட்டார்கள். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காணாமல் போனதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வால்பாறையில் காட்டை அழித்துத் தேயிலை வைத்தார்கள். வெட்டியதும் நட்டதும் யார்? சமவெளிப் பஞ்சத்திலிருந்து கங்காணி பிடித்துக்கொண்டுபோன நம் பாட்டன் பூட்டன்கள். அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் அவர்கள் செத்ததை ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் நாவலாக எழுதினார். தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’. சூழல் அழிவு நம் கையால் நடத்தப்பட்டது, நம் விருப்பத்தால் அல்ல. காடர், மலசர், இருளர் நிலத்தில் அது நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சமவெளியிலும் ஒரு புல்வெளி உண்டு: காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு. கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம். மிகக் குறைந்த மழையிலும் காங்கேயம் மாட்டைக் காத்த ஏற்பாடு அது. இன்று அது சுருங்குவதைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. அந்த வேலிக்குள் ஆடு மேய்த்து, ஆண்டுக் கூலிக்கு அடகாகக் கிடந்த அருந்ததியச் சிறுவர்களைப் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ எழுதியது. மாட்டினத்தைப் பற்றிக் கவலைப்படும் கட்டுரைகளில் அந்தப் பையன்கள் வருவதில்லை.

பண்ணயத்திலிருந்து வெளியேறியவர்களுக்குத் திருப்பூர் கதவு திறந்தது. அது விடுதலையாகவும் இருந்தது, இதை மறுக்கக்கூடாது. பனியன் கம்பெனியில் யாரும் கையில் ஊற்றவில்லை, குழாயைத் திருகிக் குடிக்கலாம். ஆனால் அதே தொழில் நொய்யலைச் சாயமாக்கியது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. வெப்பம் கூடிய ஆற்றில் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் அதே கழிவு அடர்த்தியாகும். பட்டறைத் தொட்டியில் வெறுங்காலோடு நின்றவர்களுக்கு அந்த உத்தரவில் நிவாரணம் எதுவும் எழுதப்படவில்லை என்பதை நாங்கள் இப்போதும் கேள்வியாகவே வைத்திருக்கிறோம்.

வெப்பமான காற்றின் இன்னொரு முகம் கொட்டித்தீர்க்கும் மழை. 2019 டிசம்பர் 2 விடிவதற்குள் மேட்டுப்பாளையம் நடூரில் 20 அடி உயரச் சுவர் வீடுகளின் மேல் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். எல்லோரும் நம் மக்கள். அந்த ஓர் இரவின் மழையை உலக வெப்பமயமாதல் கணக்கில் எழுதிவிட்டு நாம் நகர முடியாது. மழை எல்லோர் மீதும்தான் பெய்தது. அங்கே சுவர் எதற்கு அவ்வளவு உயரம், அது யாரை மறைக்க எழுந்தது என்று மக்கள் கேட்டார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தார்கள். வானிலை அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

உடம்பைப் பற்றியும் அறிக்கைகள் இப்போது பேசத் தொடங்கியிருக்கின்றன. சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வுக்குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்தது. கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கரு கலையும் வாய்ப்பு இரண்டு மடங்கானது என்று 2024-இல் வெளியிட்டார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்களைப் பற்றியும் இப்படியான ஆய்வுகள் சொல்கின்றன. கிணற்றில் தண்ணீர் மறுக்கப்பட்டது ஒரு காலம். தண்ணீர் கையில் இருந்தும் குடிக்க முடியாதது இந்தக் காலம்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு, வரவேற்கிறோம். ஆனால் வெப்பத்தால் செத்தார் என்று யார் எழுதித்தர வேண்டும்? சூளையில் மயங்கி விழுந்து வீட்டில் வந்து இறந்தவருக்கு மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். அன்றைக்கு அந்த ஊரில் 38 டிகிரிதானே என்று கேட்டால், பெட்டிக்குள் இருக்கும் எண்ணை எதிர்த்து நம்மிடம் என்ன எண் இருக்கிறது? நம் கையில் கணக்கு இல்லையென்றால் நம் சாவுக்கும் கணக்கு இருக்காது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 17-இல் அவிநாசி - அத்திக்கடவு திட்டம் தொடங்கியது. பவானியின் உபரி நீர் 1.5 டி.எம்.சி. ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு. தலைமுறைகள் போராடிக் கேட்ட திட்டம். அந்த 1,045-இல் எத்தனை குட்டைகள் நம் வளவுகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன? நிரம்பிய குளத்தின் மீனும் வண்டலும் புல்லும் யாருக்குக் குத்தகை? பக்கத்து வளவில் கைப்பம்பில் தண்ணீர் ஏறியதா? ஒரு ஒன்றியத்துக்கு இரண்டு மாணவர்கள் நடந்தால் ஒரு கோடைக்குள் தெரிந்துவிடும்.

எங்கள் வட்டத்து இளைஞர்கள் போன சித்திரையில் அப்படி ஒன்றைத் தொடங்கினார்கள். பல்லடம் பக்கத்தில் ஒரு வளவு. சிமெண்ட் ஷீட் வேய்ந்த வீடுகள், கொஞ்சம் பழைய தொகுப்பு வீடுகள். கடையில் வாங்கிய சாதாரண வெப்பமானிகளைச் சுவரில் மாட்டி, காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று பத்தி போட்ட நோட்டைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இதை எந்தப் பல்கலைக்கழகமும் ஏற்காது என்று ஒரு பையன் சலித்துக்கொண்டான். ஏற்கும் நாள் வரட்டும், எழுதிவைப்போம் என்றோம்.

ஒரு வீட்டில் பாட்டி, மதிய வெயிலில் அவன் வெப்பமானியைக் குனிந்து பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தது. இளவயதில் பறிக்குத் தோல் ஊறவைத்த வீட்டில் வாக்கப்பட்ட கிழவி. "பகல்ல பாத்து என்னத்துக்குக் கண்ணு, பகல்லதான் வேப்பமரத்தடி இருக்குதல்லொ. நடுச்சாமத்துல வந்து உள்ள படுத்துப் பாரு" என்றது.

அந்த நோட்டில் இப்போது நான்காவதாக ஒரு பத்தி இருக்கிறது: இரவு 12 மணி.